பெயர் வந்தது பத்து ஆண்டு கழித்து

போர்ச் செய்திகளில் அடிபடும் 'ஷ்ராப்னெல்' என்ற சொல் ஒரு மனிதரின் பெயர்.

ஹென்றி ஷ்ராப்னெல் 1761-ல் இங்கிலாந்தில், வில்ட்ஷயர் மாவட்டத்தில் பிறந்தார். 1779-ல் பீரங்கிப் படையில் அதிகாரியானார். அந்நாளில் சிறு குண்டுகளைத் தகர டப்பாவில் அடைத்துச் சுடுவார்கள். பீரங்கி வாயிலேயே டப்பா பிளந்துவிடும். சுமார் 300 கஜத்துக்கு அப்பால் பயனில்லை. இவரோ உள்ளே குடைவான இரும்பு உருண்டையில் ஈயக் குண்டுகளையும் கொஞ்சம் வெடிமருந்தையும் நிரப்பி, திரி பொருத்தினார். எதிரிக்குச் சற்று முன்னால் ஆகாயத்திலேயே ஓடு பிளக்கும். குண்டுகள் வந்த வேகத்திலேயே பாயும். திரியைச் சரியான நீளத்துக்கு நறுக்குவதில்தான் சாமர்த்தியம் எல்லாம்.

1787-ல் ஜிப்ரால்டரில் செய்து காட்டினார். ராணுவம் ஏற்றுக்கொண்டதோ 1803-ல்! சர்க்கார் காகிதம் நகரும் வேகம் எங்கும் ஒன்றுதான் போலும். இதற்காக அவர் கைப்பணம் பல ஆயிரம் பவுண்டு கரைந்தது. 1808-ல் போர்ச்சுகலில், விமெய்ரோ போரில், பிரெஞ்சுப் படையை இக்குண்டு கலங்கடித்தது. 1814-ல்தான் ஆண்டுக்கு 1,200 பவுண்டு உதவித்தொகை கிடைத்தது.

1842-ல் ஷ்ராப்னெல் காலமானார். குண்டுக்கு அவர் பெயரை அதிகாரபூர்வமாகச் சூட்டியது 1852-ல். இன்று அப்பெயரால் அழைக்கப்படும் இரும்புச் சிதறல்களை அவர் கருதவே இல்லை. அவர் நம்பியது உள்ளேயிருந்த ஈயக் குண்டுகளை.