மிளகுத் தண்ணீரில் கண்ட உலகம்

ஹாலந்து நாட்டில் டெல்ப்ட் என்று ஓர் ஊர். 1676-ஆம் ஆண்டில் அவ்வூர் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் மிளகைத் தண்ணீரில் ஊற வைத்தார். மிளகு ஏன் உறைக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. காரத்தின் காரணம் அவருக்கு அகப்படவில்லை. ஆனால், அதுவரை மனிதர் எவரும் கண்டிராத கிருமிகள் அவர் கண்ணில் பட்டன!

அவர்தான் ஆண்டன் வான் லீவன்ஹாக்.

கூடை முடைபவர் மகன்

லீவன்ஹாக் 1632-ல் பிறந்தார். தகப்பனார் கூடை முடைபவர். சிறு வயதிலேயே அவரை இழந்த பிள்ளை, பதினாறாவது வயதில் ஆம்ஸ்டர்டாம் சென்று துணி வியாபாரம் பழகினார். பிறகு சொந்த ஊர் திரும்பிக் கடை வைத்தார். அவர் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அக்காலத்துப் பண்டிதர்களின் பாஷையான லத்தீனும் அவருக்குத் தெரியாது.

துணியின் இழைகளை எண்ணிப் பார்க்க ஜவுளிக்காரர்கள் பூதக்கண்ணாடி வைத்திருப்பார்கள். அந்தக் கண்ணாடிதான் அவரை வேறொரு பாதையில் இழுத்துச் சென்றது.

இரண்டு வில்லையா, ஒன்றா?

படித்த விஞ்ஞானிகள் அன்று பயன்படுத்திய மைக்ராஸ்கோப் ஒரு குழாய். அதற்குள் இரண்டு அல்லது மூன்று வில்லைகள். லண்டன் ராபர்ட் ஹூக் அத்தகைய கருவியில்தான் தக்கையின் சீவலைப் பார்த்தார். தேன்கூடு போன்ற அறைகள் தெரிந்தன. 1665-ல் வெளியிட்ட நூலில் அவற்றுக்கு ‘செல்’ என்று பெயரிட்டார்.

ஆனால் அக்காலத்து வில்லைகள் குறையுள்ளவை. ஒரு வில்லையின் குறையை அடுத்த வில்லை இன்னும் பெரிதாக்கும். விளிம்பில் வானவில் நிறங்கள் படரும்; உருவம் மங்கும்.

ஒற்றை வில்லையில் அந்தத் தொல்லை குறைவு. உருவம் தெளிவாக விழும். ஆனால் மிகவும் பெரிதாகக் காட்ட வேண்டுமானால் வில்லை மிகவும் சிறியதாக இருக்க வேண்டும். அதைக் கண்ணோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். கண் வலி எடுத்துவிடும். ஒற்றை வில்லையே தெளிவானது என்று ஹூக்கும் அறிந்திருந்தார். கண்ணுக்குக் கஷ்டம் என்று அதை ஒதுக்கினார்.

லீவன்ஹாக் அந்தக் கஷ்டத்தையே தேர்ந்தெடுத்தார். இரண்டு சிறிய உலோகத் தகடுகள், நடுவே ஒரு குட்டி வில்லை, பொருளைப் பொருத்த ஓர் ஊசி, நகர்த்தத் திருகுகள். உள்ளங்கையில் அடங்கிவிடும் கருவி அது! இன்று எஞ்சியிருப்பவற்றுள் ஒன்று சுமார் 270 மடங்கு பெரிதாகக் காட்டுகிறது. ரத்தத்தின் சிவப்பு அணுக்களையும் தசை நாரின் வரிகளையும் அவர் இத்தகைய கருவிகளால் பார்த்தார்.

நம்பாத சபை

லண்டன் ராயல் சொசைட்டிக்கு 1673 முதல் அவர் டச்சு மொழியில் கடிதங்கள் எழுதி வந்தார். மிளகுத் தண்ணீர்க் கடிதம் சபையைத் திகைக்க வைத்தது. ஒரு துளி நீரில் ஆயிரக்கணக்கான உயிர்களா? அங்கே பார்த்தவர்களுக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை.

லீவன்ஹாக் தளரவில்லை. பாதிரிமார் உள்ளிட்ட கண்ணியவான்களுக்குக் காட்டி, அவர்களிடம் சாட்சிக் கடிதம் வாங்கி அனுப்பினார். ஹூக்கும் விடவில்லை. மெல்லிய கண்ணாடிக் குழாயில் மிளகுத் தண்ணீரை எடுத்து, மேலும் நல்ல மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். 1677 நவம்பரில் அவை சபையார் கண்முன்னே நீந்தின! 1680-ல் ஜவுளிக்கடைக்காரர் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்.

போன ரகசியம்

ரஷ்யச் சக்கரவர்த்தி பீட்டரே 1698-ல் அவரைக் கண்டு பேசினார். வந்தவர்களுக்கெல்லாம் கருவி காட்டிய லீவன்ஹாக், மிகச் சிறந்த கருவிகளையும் பார்க்கும் முறையையும் மட்டும் மறைத்தே வைத்தார். 1723-ல், தொண்ணூறாம் வயதில் காலமானார். ராயல் சொசைட்டிக்கு அவர் விட்டுச்சென்ற 26 வெள்ளி மைக்ராஸ்கோப்புகளும் பிற்காலத்தில் காணாமற்போயின. அவரளவுக்குத் தெளிவாகப் பார்க்க நெடுங்காலம் ஆளில்லை. 1830-ல் ஜோசப் ஜாக்சன் லிஸ்டர் வில்லைக் குறைகளைத் திருத்தும் வழியைக் காட்டிய பிறகே, பல வில்லைக் கருவி முன்னுக்கு வந்தது.

2021-ல் ஒரு வேடிக்கை வெளிவந்தது. அதே டெல்ப்ட் நகரில், அவருடைய கருவியைப் பிரிக்காமல் நியூட்ரான் கதிர்களைச் செலுத்திப் பார்த்தார்கள். உள்ளே இருந்தது கண்ணாடி இழையை நெருப்பில் உருக்கிச் செய்த சிறு மணி. ஹூக் பகிரங்கமாக எழுதி வைத்த முறையோடு அது ஒத்திருந்தது!

வில்லை செய்யும் வழி எல்லார் கையிலும் இருந்தது. கண் வலிக்க வலிக்கப் பார்த்துக்கொண்டே இருந்தவர் ஒருவர்தான்.