சொன்னவர் யார் என்று கேட்ட இமாம்

இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் இயற்பெயர் முஹம்மது. ஹிஜ்ரி 194ல் (கி.பி. 810) மத்திய ஆசியாவில் உள்ள புகாரா நகரில் பிறந்தார்கள். சிறு பிராயத்திலேயே தகப்பனார் இஸ்மாயீல் மறைந்துவிட, தாயார் வளர்த்தார்கள். தாயாருடனும் தமையனாருடனும் ஹஜ்ஜுக்குப் போனபோது வயது சுமார் 16. அவர்கள் ஊர் திரும்ப, இவர்கள் கல்வியை நாடி அங்கேயே தங்கிவிட்டார்கள். பின்னர் இராக், சிரியா, எகிப்து என்று அலைந்து ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் ஹதீஸ் கேட்டார்கள்.

நபி (ஸல்) அவர்களின் பேரால் பொய்யும் புனைவும் மலிந்திருந்த காலம் அது. ஆதலால் செய்தியோடு, அதைக் கொண்டுவந்தவரையும் இமாம் எடை போட்டார்கள். இவர் யார்? ஞாபகசக்தி எப்படி? பொய் பேசியதுண்டா? யாரிடம் கேட்டதாகச் சொல்கிறாரோ, அவரை உண்மையில் சந்தித்தாரா? இருவரும் ஒரே காலத்தவர் என்பது மட்டும் போதாது. சந்தித்ததற்கு ஆதாரம் வேண்டும். அறிவிப்பாளர்களின் விபரங்களைத் திரட்டி, தாரீகுல் கபீர் என்று தனிக் கிதாபே எழுதினார்கள். நாம் ஒரு மூட்டை அரிசி வாங்கினால் எந்த மில் சரக்கு என்று கேட்கிறோம். கைபேசியில் வரும் ஹதீஸுக்கு அதுகூடக் கேட்பதில்லை!

சுமார் 6 லட்சம் அறிவிப்புகளிலிருந்து பொறுக்கி, 16 வருஷம் உழைத்து ஸஹீஹுல் புகாரியைத் தொகுத்தார்கள் என்பர். ஒரே செய்தி பத்து வழியாக வந்தால் பத்து என்று எண்ணுவது அக்கால வழக்கம். கிரந்தத்தில் இடம் பெற்றவை, திரும்ப வருபவை உட்பட ஏழாயிரத்துச் சொச்சமே.

இத்தனை பேணுதல் உள்ளவர்களையே ஒரு புரட்டுச் செய்தி ஊரைவிட்டு விரட்டியது. நைஸாபூரில், குர்ஆனை ஓதும் மனிதனின் உச்சரிப்பைப் பற்றி இமாம் தவறாகப் பேசினார்கள் என்று பரவிற்று. தாம் அப்படிச் சொல்லவில்லை என்று மறுத்தும் பயனில்லை. அவ்வூர்ப் பேரறிஞர் முஹம்மது இப்னு யஹ்யா துஹ்லீ, இமாமின் சபைக்குப் போகிறவர் தம் சபைக்கு வரலாகாது என்றார். கூட்டம் கலைந்தது, இமாம் முஸ்லிம் (ரஹ்) போன்ற வெகு சிலரே உடன் நின்றார்கள்.

சொந்த ஊர் திரும்பினால் அங்கேயும் நிம்மதியில்லை. அரண்மனைக்கு வந்து பாடம் சொல்ல மறுத்ததால் ஆளுநரின் பகை. புகாராவையும் விட்டு வெளியேறி, ஹிஜ்ரி 256ல் (கி.பி. 870) நோன்புப் பெருநாள் இரவன்று, சமர்க்கந்தை அடுத்த கர்தங்க் என்ற சிற்றூரில் வபாத்தானார்கள்.

அந்த துஹ்லீ ஒரு காலத்தில் இமாமுக்கே உஸ்தாதாக இருந்தவர். ஹதீஸ் அறிவிப்பதில் நம்பகமானவர். அவரிடம் கேட்ட ஹதீஸ்கள் ஸஹீஹுல் புகாரியில் இன்றும் இருக்கின்றன.