ஹென்றி ஜான் கார்ட்டர்

ஹென்றி ஜான் கார்ட்டர் (ஆகஸ்ட் 18, 1813 - மே 4, 1895) பம்பாயில் பணியாற்றிய ஆங்கிலேய அறுவை மருத்துவரும் இயற்கை ஆய்வாளரும் ஆவார். ஃபொராமினிஃபெரா எனப்படும் நுண்ணிய கடலுயிரிகளின் ஓடுகளை இந்தியாவில் நுண்ணோக்கி கொண்டு ஆராய்ந்த முன்னோடிகளுள் இவரும் ஒருவர். மதுரைக்கால் நோயை ஆராய்ந்த ஹென்றி வான்டைக் கார்ட்டர் வேறொருவர். அவரும் பம்பாயில் பணியாற்றியவரே.

வாழ்க்கைக் குறிப்பு

இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்திலுள்ள பட்லி சால்டர்ட்டன் என்னும் ஊரில் பிறந்தார். இலண்டனில் மருத்துவம் பயின்று, 1842-ல் பம்பாய்க்கு வந்தார். 1844 முதல் 1846 வரை, அரேபியாவின் தென்கிழக்குக் கரையை அளந்த பாலினூரஸ் கப்பலில் மருத்துவராக இருந்தார். 1859-ல் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1862-ல் சொந்த ஊருக்குத் திரும்பி, இறக்கும்வரை அங்கேயே ஆய்வைத் தொடர்ந்தார். 1872-ல் அரச பதக்கம் பெற்றார்.

ஓடுகள் பற்றிய ஆய்வு

ஃபொராமினிஃபெராவின் ஓடு பல அறைகள் கொண்டது. நாட்டிலசு என்னும் கடலுயிரியின் ஓட்டை இது ஒத்திருப்பதால், பிரெஞ்சு அறிஞர் டோர்பின்யி 1826-ல் இவற்றைத் தலைக்காலிகளோடு சேர்த்தார். இவை மிக எளிய உடலமைப்புடையவை என்று 1835-ல் துயார்டென் காட்டினார். எனினும், எளிய உயிர் கட்டிய ஓட்டின் உள்ளமைப்பு எத்தகையது என்ற வினா எஞ்சி நின்றது.

அரேபியக் கடலில் கிடைத்த ஆப்பர்குலினா அராபிக்கா என்ற இனத்தின் ஓட்டமைப்பைக் கார்ட்டர் 1852-ல் விவரித்தார். சிந்து, கச்சு, கத்தியவார் பகுதிகளின் சுண்ணாம்புப் பாறைகளில் நிறைந்துள்ள, நாணய வடிவ நம்முலைட்டு போன்ற தொல்லுயிர் எச்சங்களையும் ஆராய்ந்தார். வாழும் உயிரியின் ஓட்டை அறிந்ததால், பாறையில் உறைந்த ஓட்டையும் அவரால் இனங்காண முடிந்தது.

ஈயோசூன் சர்ச்சை

கனடாவின் மிகப் பழைய பாறைகளில் காணப்பட்ட அடுக்கமைப்பு ஒன்றை, 1865-ல் டாசன் ஈயோசூன் கனடென்சு எனப் பெயரிட்டு, மாபெரும் ஃபொராமினிஃபெராவின் எச்சம் என்றார். இத்துறையின் தலைசிறந்த அறிஞரான கார்ப்பென்டரும் அதை ஆதரித்தார். உண்மையாயின், அதுவே அன்று அறியப்பட்ட மிகத் தொன்மையான உயிராக இருந்திருக்கும். அறைகளின் ஒழுங்கோ அவற்றை இணைக்கும் வழிகளின் சீரோ அதில் இல்லை எனக் கூறி, கார்ட்டர் 1874-ல் இக்கருத்தை மறுத்தார். வெசூவியசு எரிமலை உமிழ்ந்த சுண்ணாம்புக் கற்களிலும் அதே அமைப்பு இருப்பது 1894-ல் காட்டப்பட்டது. ஈயோசூன் உயிர் எச்சம் அன்று, கனிம அமைப்பே என்பது இன்று ஏற்கப்பட்ட முடிவாகும்.

மன்னார் வளைகுடா

மன்னார் வளைகுடாவில் வாரியெடுக்கப்பட்டு லிவர்ப்பூல் அருங்காட்சியகத்திற்கு வழங்கப்பட்ட மாதிரிகளை ஆராய்ந்து, 1880-ல் விரிவான அறிக்கை வெளியிட்டார். அவற்றிலிருந்த கடற்பஞ்சுகளையும் ஃபொராமினிஃபெராக்களையும் அதில் விவரித்துள்ளார்.