எக்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு எஸ்

உங்க லேப்டாப்புல உபுண்டு இருக்கா? இல்லைன்னா காலேஜ் லேப் மெஷினே போதும். டெர்மினலைத் திறங்க. பாஸ்வேர்டு மாத்துற புரோகிராம் ஒண்ணு இருக்கே, அந்த ஃபைலோட பெர்மிஷனை எல்எஸ் மைனஸ் எல் கொடுத்துப் பாருங்க. ஆர், டபிள்யூ வந்த பிறகு எக்ஸ் வரணும். ஆனா அங்க ஒரு சின்ன எஸ் உட்கார்ந்திருக்கும். செகண்ட் இயர்ல இருந்து லினக்ஸ் ஓட்டுறேன், நான் அதைக் கவனிச்சது ஃபைனல் இயர்லதான்.

அந்த எழுத்தை அங்க வெச்சவரை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஃபர்ஸ்ட் இயர்ல சி படிச்சப்போ புத்தக அட்டையில பேரைப் பார்த்திருப்பீங்க. டென்னிஸ் ரிட்சி. சி மொழியை உருவாக்கினவர், கென் தாம்ப்சனோட சேர்ந்து யூனிக்ஸை உருவாக்கினவர்னு ரெண்டு மார்க் கேள்விக்கு எழுதிட்டு அடுத்த யூனிட்டுக்குப் போயிடுவோம். இன்னைக்கு கொஞ்ச நேரம் அவர்கிட்டயே நிற்கலாம்.

ரிட்சி 1941 செப்டம்பர் 9-ல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். அப்பா அலிஸ்டர் ரிட்சி, பெல் லேப்ஸில் விஞ்ஞானி. மகன் ஹார்வர்டில் இயற்பியல் படித்தார், பிறகு அப்ளைடு மேத்ஸ். 1968-ல் டாக்டர் பட்டத்துக்கான ஆய்வேட்டை எழுதி முடித்தார். ஆனா பைண்டிங் செய்த பிரதி ஒன்றை நூலகத்தில் கொடுக்கணும்கிற கடைசி வேலையை அவர் செய்யவே இல்லை. அதனால பட்டம் கடைசி வரைக்கும் வரல. பிராஜெக்ட் ரிப்போர்ட் பைண்டிங்குக்கு ராத்திரி முழுக்க அலையுற நமக்கு இதைக் கேட்டா வயிறு எரியும்!

அதற்குள் 1967-லேயே அப்பா வேலை பார்த்த அதே பெல் லேப்ஸில் சேர்ந்துவிட்டார். எம்ஐடி, ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனங்களோடு சேர்ந்து மல்டிக்ஸ் என்ற பெரிய ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. 1969-ல் பெல் லேப்ஸ் அதிலிருந்து விலகியது. அந்த வருஷம் கென் தாம்ப்சன், அதிகம் யாரும் சீண்டாத ஒரு பிடிபி-7 மெஷினில் சின்னதாக ஒரு சிஸ்டத்தை எழுத ஆரம்பித்தார். ரிட்சியும் கூடச் சேர்ந்தார். அதுதான் யூனிக்ஸ்.

ஒரே மெஷினைப் பல பேர் பகிர்ந்துகொள்ளும்போது ஒரு சிக்கல் வரும். அதை எங்க ஊர்க் கணக்கில் சொல்றேன்.

எங்கப்பா திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில் ஸ்டோர் பார்த்துக்கிறார். டெய்லருக்கு நூல் கோன் தீர்ந்தா நேரா ஸ்டோருக்குள்ள போக முடியாது. சாவி ஓனருடையது. அதே சமயம், ஒவ்வொரு கோனுக்கும் ஓனரே வந்து திறந்துவிட்டா லைன் நின்னுடும். அதனால இண்டென்ட் சீட்டு எழுதிக் கொடுத்தா, ஸ்டோர் கீப்பர் உள்ளே போய், சீட்டுல இருக்கிறதை மட்டும் எடுத்துத் தருவார். கேட்டது டெய்லர். திறந்தது ஓனரோட அதிகாரம். நடுவில் இருக்கிறவர் நம்பிக்கையான ஆள்.

பாஸ்வேர்டு கதையும் இதேதான். பாஸ்வேர்டு ஃபைலை மாத்துற உரிமை ரூட்டுக்கு மட்டும்தான். ஆனா என் பாஸ்வேர்டை நானே மாத்திக்கணும். ரிட்சி கண்டுபிடித்த வழி: ஒரு புரோகிராமுக்கு அந்த எஸ் அடையாளத்தைப் போட்டுவிட்டால், யார் ஓட்டினாலும் அது ஓட்டுபவரின் உரிமையில் ஓடாது, ஃபைலின் உரிமையாளருடைய அதிகாரத்தில் ஓடும். பேர் செட்யூஐடி. 1971-ல் வந்த யூனிக்ஸின் முதல் கையேட்டிலேயே இது இருந்தது. 1973-ல் பேட்டன்ட்டுக்கு விண்ணப்பித்தார்கள், 1979 ஜனவரியில் கிடைத்தது. பிறகு பெல் லேப்ஸ் அந்த உரிமையை வைத்துக்கொள்ளாமல் பொதுவில் விட்டுவிட்டது. இன்னைக்கு நாம பயன்படுத்தும் சூடோ கமாண்டும் இதன் மேல்தான் நிற்கிறது.

அதே வருஷங்களில், தாம்ப்சனின் பி மொழியிலிருந்து சி மொழியையும் ரிட்சி வளர்த்தெடுத்தார். 1973-ல் யூனிக்ஸின் கெர்னலையே சி-யில் திரும்ப எழுதினார்கள். சி வேகமானது, மெமரியை நேராகத் தொட விடும். ஆனா பத்து இடம் உள்ள அர்ரேயில் பதினொன்றாவதைத் தொட்டாலும் தடுக்காது. புரோகிராமர் மேல அவ்வளவு நம்பிக்கை!

இப்போ ரெண்டையும் சேர்த்துப் பாருங்க. ரூட் அதிகாரத்தோடு ஓடும் ஒரு புரோகிராம், எல்லை தாண்டினால் கேட்காத ஒரு மொழி. உள்ளே சாதாரண யூசராக நுழைந்த ஒருவர் அந்த ஓட்டை வழியாக ரூட் ஆகிவிடுவதைத்தான் லோக்கல் பிரிவிலேஜ் எஸ்கலேஷன் என்கிறோம். இதற்கு ரெண்டு பெரிய சாவிகளும் ஒரே மனிதரின் மேசையிலிருந்து வந்தவை.

ரிட்சி மேல எனக்கு மரியாதை கூடினது இங்கதான். அவர் இதை மறைக்கல. யூனிக்ஸின் பாதுகாப்பு பற்றி அவரே ஒரு சிறு கட்டுரை எழுதி, 1979-ல் வந்த ஏழாம் பதிப்பின் ஆவணங்களோடு சேர்த்தார். பாதுகாப்பை முதல் குறிக்கோளாக வைத்து இந்த சிஸ்டம் கட்டப்படவில்லை என்று ஆரம்பத்திலேயே ஒப்புக்கொண்டு, எங்கெல்லாம் ஓட்டை, செட்யூஐடி புரோகிராம்களை எழுதும்போது எங்கெல்லாம் ஜாக்கிரதை வேண்டும் என்று விளக்கினார். தன் சரக்கில் இருக்கும் டேமேஜை தானே செக்கிங் டேபிளில் எடுத்து வைத்த மாதிரி. நம்ம பிராஜெக்ட் ரிப்போர்ட்ல லிமிட்டேஷன்ஸ்னு ஒரு பக்கம் எழுத நாம எவ்வளவு யோசிக்கிறோம்?

1983-ல் தாம்ப்சனோடு சேர்ந்து டூரிங் விருது வாங்கினார். பெல் லேப்ஸில் ஒரு துறைக்குத் தலைவரானார். யூனிக்ஸை எழுதிய அதே குழுவிலிருந்து பிளான் 9 என்ற புது ஆபரேட்டிங் சிஸ்டம் வந்தது. அதில் ரூட் என்ற யூசரே கிடையாது, செட்யூஐடியும் கிடையாது. தாங்கள் வைத்த கதவை அடுத்த வீட்டில் வைக்கவே இல்லை. ஆனா உலகம் பழைய வீட்டிலேயே குடியிருந்துவிட்டது.

2007-ல் ஓய்வு பெற்றார். 2011 அக்டோபர் 12-ல், நியூ ஜெர்சியில் தனியாக வாழ்ந்த வீட்டில் இறந்து கிடந்ததைக் கண்டார்கள். வயது 70. ஒரு வாரம் முன்னாடி, அக்டோபர் 5-ல், ஸ்டீவ் ஜாப்ஸ் இறந்திருந்தார். உலகமே அவருக்கு மெழுகுவத்தி ஏத்திக்கிட்டு இருந்துச்சு. அந்த ஐபோனுக்குள்ள ஓடுறது யூனிக்ஸ் வம்சம்னு எத்தனை பேர் யோசிச்சாங்களோ.

அவர் போன பிறகும் கதை முடியல. அவர் இறப்பதற்கு மூணு மாசம் முன்னாடி, 2011 ஜூலையில், சூடோவுக்குள் ஒரு பிழை நுழைந்தது. 2021 ஜனவரியில்தான் அது வெளியே தெரிந்தது. அடுத்த ஜனவரியில் இன்னொன்று: பிகேஎக்ஸெக் என்ற செட்யூஐடி புரோகிராமில் 2009-லிருந்தே இருந்த ஓட்டை. பேர் பிவ்ன்கிட். அதை ஸ்டோர் பாஷையில் சொன்னா இப்படித்தான்: ஒருத்தர் ஒரு வரிகூட எழுதாத வெத்து இண்டென்ட்டைக் கொடுக்கிறார். சீட்டில் ஏதாவது எழுதியிருக்கும்னு ஸ்டோர் கீப்பர் முடிவு பண்ணிட்டு, அடியில் இருந்த வேற தாளை இண்டென்ட்டாகப் படிக்கிறார். அந்தத் தாளும் கேட்டவர் வெச்சதுதான். பன்னிரண்டு வருஷத்துக்கு மேலாக யாரும் கவனிக்காத அந்த ஒரு வெத்துச் சீட்டு போதும், உபுண்டு, டெபியன், ஃபெடோரா எல்லாத்துலயும் ரூட் ஆகிடலாம். பேட்ச் வரும் வரைக்கும் சொன்ன தற்காலிக வழி என்ன தெரியுமா? அந்தப் புரோகிராமிலிருந்து எஸ்ஸை எடுத்துவிடுவதுதான்.

இதெல்லாம் நமக்கு எதுக்குன்னு கேட்பீங்க. எங்க ஊர்ல எனக்குத் தெரிஞ்ச ஒரு கம்பெனி ஆபீஸில் நாலு கம்ப்யூட்டர். எல்லாரும் ஒரே அட்மின் லாகின். பாஸ்வேர்டு மானிட்டரிலேயே ஒட்டியிருக்கும். ஒரு நாள் ஷிப்பிங் டாக்குமென்ட்னு வந்த ஒரு அட்டாச்மென்ட்டைத் திறந்தாங்க. பேக்கிங் லிஸ்ட், ஸ்டாக், பில் எல்லாம் பூட்டிக்கிச்சு. அங்க ஸ்டோரில் இருந்தவர் மூணு நாள் பழைய ரெஜிஸ்டரைப் பார்த்துப் பார்த்து ஸ்டாக்கைத் திரும்ப எழுதினார். அந்த மூணு நாளும் எங்கப்பா வீட்டுக்கு வந்தது ராத்திரி பதினொரு மணிக்கு. அந்த வைரஸ் படியேறிப் போகவே வேண்டியிருக்கல. எல்லாரையும் ஏற்கெனவே மொட்டை மாடியிலேயே உட்கார வெச்சிருந்தாங்க.

ரிட்சியின் கதையில் நான் எடுத்துக்கிட்டது ஒண்ணுதான். அதிகாரத்தைக் கடன் கொடுக்காம ஒரு சிஸ்டம் ஓடாது. ஆனா யாருக்கெல்லாம் கொடுத்திருக்கோம்னு ஒரு லிஸ்ட் நம்ம கையில இருக்கணும், அது சின்னதா இருக்கணும். ஆண்ட்ராய்டு 4.3-லிருந்து ஆப்கள் செட்யூஐடி புரோகிராமை ஓட்டி ரூட் ஆகும் வழியையே அடைச்சுட்டாங்க. நம்ம அளவில் செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

செக்யூரிட்டி அப்டேட்டைத் தள்ளிப் போடாதீங்க. பிவ்ன்கிட் வெளியே வந்த அன்னைக்கே பேட்சும் வந்துச்சு, அடிபட்டது போடாதவங்கதான்.

தினசரி வேலைக்கு அட்மின், ரூட் லாகின் வேண்டாம். வீட்டுக் கம்ப்யூட்டரிலும்தான்.

ஃபைண்ட் கமாண்டில் பெர்மிஷன் மைனஸ் 4000 கொடுத்துத் தேடுங்க. உங்க மெஷினில் எஸ் போட்ட எல்லாம் வரிசையாக வரும். எது எதுக்குன்னு தெரியாம எதையும் நீக்காதீங்க, ஆனா ஒவ்வொண்ணும் எதுக்குன்னு தெரிஞ்சுக்கோங்க. தேவையே இல்லாததிலிருந்து எஸ்ஸை எடுங்க.

ஏதாவது ஓடலைன்னா உடனே 777 போடுற பழக்கத்தை விடுங்க. நானும் போட்டவன்தான்.

அந்த லிஸ்ட்டை நான் முதல் தடவை ஓட்டினப்போ, போன வருஷம் மினி பிராஜெக்ட்டுக்காக நானே எஸ் போட்டு மறந்துபோன என் சொந்தப் புரோகிராமும் அதுல இருந்துச்சு. சி-யில் எழுதினது. இன்புட் நீளத்தை எங்கயும் செக் பண்ணல. உங்க லிஸ்ட்டுல என்ன இருக்கு? இன்னைக்கு ராத்திரியே பாருங்க.