பட்டறையில் கிடைத்த பாடம்

நம்ம கல்லூரி ஒர்க்‌ஷாப்பில் கை கறுத்த எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு மனிதர் ஜார்ஜ் பர்க்பெக். இத்தனைக்கும் அவர் இன்ஜினீயர் இல்லை, டாக்டர்!

1776 ஜனவரி 10-ல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் செட்டில் என்ற சிற்றூரில், குவேக்கர் குடும்பத்தில் பிறந்தார். எடின்பரோவில் மருத்துவம் படித்து 1799-ல் பட்டம் பெற்றார். அதே ஆண்டு கிளாஸ்கோவில் ஆண்டர்சன் கல்வி நிலையத்தில் இயற்பியல் பேராசிரியர் ஆனார். அப்போது வயது 23.

பாடம் நடத்தக் கருவிகள் வேண்டுமே! செய்து வாங்கப் பட்டறை பட்டறையாக அலைந்தார். ஒரு தகரப் பட்டறையில் சென்ட்ரிஃப்யூகல் பம்ப் மாடல் தயாராகிக்கொண்டிருந்தது. வேலையாட்கள் சுற்றி நின்று, இது எதற்கு, எப்படி ஓடும் என்று துருவித் துருவிக் கேட்டார்கள். கையால் செய்யத் தெரிந்தவர்களுக்கு ஏன் என்று சொல்லிக்கொடுக்க ஆள் இல்லையே என்பது அவரைக் குடைந்தது.

சனிக்கிழமை மாலை அவர்களுக்கு இலவச வகுப்பு என்று முடிவு செய்தார். கூப்பிட்டால் வர மாட்டார்கள், வந்தாலும் புரியாது என்று தெரிந்தவர்கள் சிரித்தார்கள். 1800-ல் முதல் வகுப்புக்கு 75 பேர் வந்தார்கள். நான்காவது வகுப்பிலேயே 500 பேர்!

1804-ல் லண்டனுக்குப் போய் மருத்துவத் தொழிலில் இறங்கிவிட்டார். கிளாஸ்கோ வகுப்பு நிற்கவில்லை. 1823-ல் அந்தத் தொழிலாளர்களே பிரிந்து சொந்தமாக ஒரு நிலையம் கண்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் லண்டனில் சுமார் 2,000 பேர் கூடி மெக்கானிக்ஸ் இன்ஸ்டிடியூட் தொடங்கத் தீர்மானித்தார்கள். தலைவர் பர்க்பெக்.

எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. உழைப்பாளி படித்தால் அடங்க மாட்டான் என்று சிலர் எதிர்த்தார்கள். இன்னொரு பக்கம், பணக்காரர் காசு வந்தால் பிடியும் அவர்கள் கைக்குப் போய்விடும் என்று ஹாட்ஜ்ஸ்கின் போன்றவர்கள் பயந்தார்கள். நிர்வாகக் குழுவில் மூன்றில் இரண்டு பங்கு தொழிலாளிகள் என்று விதி வைத்தார்கள். கட்டிடத்துக்குப் பர்க்பெக் தன் கைப்பணத்தில் 3,000 பவுனுக்கு மேல் கடன் கொடுத்தார். 1830-ல் பெண்களுக்கும் கதவு திறந்தது. 1841 டிசம்பர் 1-ல் இறக்கும்வரை அவரே தலைவர்.

அந்த நிலையம்தான் 1907-ல் பர்க்பெக் கல்லூரி என்று பேர் பெற்று, 1920-ல் லண்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது. வேலைக்குப் போகிறவர்களுக்கான மாலை வகுப்புகளுக்கு இன்றும் பேர்போன இடம். கிளாஸ்கோவின் ஆண்டர்சன் நிலையம் 1964-ல் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகம் ஆனது.

இதை நான் எழுதக் காரணம் உண்டு. சில வருஷங்களுக்கு முன் என்னோடு வேலை பார்த்த ஃபிட்டர் ஒருவர், பம்பில் இம்பெல்லர் ஏன் பொத்தல் பொத்தலாக அரிக்கிறது என்று கேட்டார். மாட்டுகிற வேலையைப் பாருங்க அண்ணே என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். கேவிட்டேஷன் பற்றிப் பத்து நிமிஷத்தில் விளக்கியிருக்கலாம். அதன்பிறகு அவர் என்னிடம் எதையுமே கேட்டதில்லை. பர்க்பெக்கைப் படித்தபோது அந்த முகம்தான் ஞாபகம் வந்தது.

நண்பர்களே, தம்பி தங்கைகளே! நம் லேப்கள் சனிக்கிழமை மாலை பூட்டித்தானே கிடக்கின்றன? ஊரில் பம்ப் மெக்கானிக், வயரிங் வேலை செய்கிறவர், வெல்டர் என்று எத்தனை பேர்! சங்கம் அனுமதி வாங்கித் தந்தால் முதல் வகுப்பை நான் எடுக்கிறேன். தலைப்பும் ரெடி: இம்பெல்லர் ஏன் அரிக்கிறது?

முதல் நாள் அந்த அண்ணனைக் கூப்பிட நானே போகிறேன்.