கம்பைலர் தந்த கிரேஸ் ஹாப்பர்

1906-ல் நியூயார்க்கில் பிறந்தவர். ஏழு வயசிலேயே வீட்டிலிருந்த அலாரம் கடிகாரங்களை ஒவ்வொன்றாகக் கழட்டிப் பார்த்தாராம்! (நம்ம வீட்டில் என்றால் முதுகு பழுத்துடும்.) கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்தினார். போர் சமயத்தில் கடற்படையில் சேரப் போனால், வயசு அதிகம், எடை குறைவு என்றார்கள். விடாமல் கேட்டு 1943-ல் சேர்ந்தார்.

1944-ல் ஹார்வர்டு மார்க் 1 கம்ப்யூட்டரில் வேலை. அங்கே சைன் மாதிரி கணக்குகளுக்கான கட்டளைகளை ஒருத்தர் நோட்டைப் பார்த்து இன்னொருத்தர் காப்பி எடுப்பாங்க. ஒரு எண் மாறினாலும் விடை தப்பு! எழுதினதையே ஏன் திரும்ப எழுதணும்? பிறகு யூனிவாக் கம்ப்யூட்டருக்கு வந்தபோது, சரிபார்த்த கட்டளைத் தொகுப்புகளை டேப்பில் சேமித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தார். எண்ணைச் சொன்னால் போதும், கம்ப்யூட்டரே எடுத்துக் கோத்துக்கொள்ளும். இதுதான் 1952-ல் வந்த ஏ-0 கம்பைலர். கம்ப்யூட்டர் கணக்கு மட்டும்தான் போடும் என்று சொல்லி, பலர் இதை நம்பவே இல்லை.

1976-ல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 'மேக்' என்ற புரோகிராம் எழுதினார். ஒரு ஃபைலை மாற்றினால், அதையும் அதை நம்பியிருக்கும் ஃபைல்களையும் மட்டும் அது மறுபடி கம்பைல் செய்யும். நேத்து ஆட்டின மாவு அப்படியே இருக்க, சட்னி மட்டும் புதுசா அரைக்கிற மாதிரி.

ஹாப்பர் 1986-ல், 79 வயசில், ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்றார். 1992 ஜனவரி 1-ல் மறைந்தார்.