காற்று நின்றாலும் விளக்கு எரியணும்! யார் இந்தப் பவுல் லா கூர்?

காற்றாலை சுற்றினால் மின்சாரம் வரும். சரி, காற்று நின்றுபோனால்?

புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆய்வாளர்களுக்கு இன்னமும் தலைவலி இதுதான். மின்சாரத்தை உற்பத்தி பண்ணுவதைவிட அதைச் சேமித்து வைப்பது கஷ்டம். 130 ஆண்டுகளுக்கு முன்பே டென்மார்க்கில் ஓர் ஆசிரியர் இதற்காக மண்டையைக் குடைந்துகொண்டிருந்தார்.

பவுல் லா கூர் 1846இல் பிறந்தவர். 30 வயது ஆவதற்குள் டென்மார்க் வானிலை ஆய்வகத்தின் துணை இயக்குநர். தந்தித் தொழில்நுட்பத்திலும் புதுக் கருவிகளைக் கண்டுபிடித்தார். தலைநகரிலேயே இருந்திருந்தால் வசதியாக இருந்திருக்கலாம்.

ஆனால் 1878இல் அவர் அஸ்கோவ் என்ற கிராமத்துக்குப் போய்விட்டார். அங்கே கிராமத்து இளையர்கள் தங்கிப் படிக்கும் ஒரு பள்ளி. பரீட்சையே கிடையாது!

அந்தக் காலத்தில் மின்சாரம் நகரங்களுக்குத்தான் முதலில் வந்தது. கிராமங்கள் பின்தங்கிவிடும், இளையர்கள் ஊரைவிட்டுப் போய்விடுவார்கள் என்ற கவலை அவருக்கு. டென்மார்க்கில் நிலக்கரி இல்லை. காற்று மட்டும் தாராளம்.

1891இல் அரசாங்க உதவியோடு பள்ளிக்குப் பக்கத்தில் ஓர் ஆய்வுக் காற்றாலையைக் கட்டினார். காற்று ஒரு நேரம் பலமாக அடிக்கும், ஒரு நேரம் ஓய்ந்துவிடும். அதைச் சமாளித்து மின்னாக்கியை ஒரே சீராகச் சுழலவைக்கத் தனியாக ஒரு கருவி செய்தார்.

அடுத்து, சேமிப்பு. அப்போது பேட்டரிகளின் விலை ரொம்ப அதிகம். அவர் என்ன பண்ணினார் தெரியுமா? காற்றாலை மின்சாரத்தைத் தண்ணீருக்குள் பாய்ச்சினார். தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிந்தது. ஹைட்ரஜனை 12 கனமீட்டர் தொட்டியில் பிடித்துவைத்து, குழாய் வழியாகப் பள்ளி விளக்குகளுக்கு அனுப்பினார்.

1895 முதல் 1902 வரை அந்த விளக்குகள் எரிந்தன. காற்றே இல்லாத நாள்களிலும் பள்ளி இருளவில்லை.

சிங்கப்பூர் தேசிய ஹைட்ரஜன் உத்தியை அறிவித்தது 2022இல்தான். அஸ்கோவ் பிள்ளைகள் 19ஆம் நூற்றாண்டிலேயே ஹைட்ரஜன் வெளிச்சத்தில் படித்துவிட்டார்கள்!

ஆனால் விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை. ஹைட்ரஜனோடு கொஞ்சம் ஆக்ஸிஜன் கலந்தாலே ஆபத்து. வெடித்து, பள்ளிக் கட்டடங்களின் சன்னல் கண்ணாடிகள் ஒரு தடவை அல்ல, பல தடவை நொறுங்கின. ஹைட்ரஜனைப் பாதுகாப்பாக வைத்திருப்பது இன்றும் ஆய்வாளர்கள் கவனமாகக் கையாளும் விஷயம்.

1902இல் அவர் வழியை மாற்றிக்கொண்டார். காற்றாலையோடு பேட்டரிகளை இணைத்து, அஸ்கோவ் கிராமத்துக்கே மின்சாரம் கொடுத்தார். தன் முதல் யோசனையைப் பிடித்துக்கொண்டு அடம்பிடிக்கவில்லை. எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது அதுதான்.

இதற்கிடையே காற்றுச் சுரங்கம் அமைத்து இறக்கைகளையும் சோதித்தார். நிறைய இறக்கைகள் வேண்டாம், வேகமாகச் சுழலும் சில இறக்கைகளே மின்சாரத்துக்குச் சிறந்தவை என்று கண்டறிந்தார்.

1904இல் கிராமத்து இளையர்களுக்கு மின்னியல் பயிற்சி தொடங்கியது. நான்கே ஆண்டுகளில், 1908இல், லா கூர் காலமானார். அவருக்கு வயது 62.

அந்தப் பயிற்சிக்கு முதலில் வந்தவர்களில் ஒருவர் யொஹானஸ் யூல். 1957இல் டென்மார்க்கின் கெட்ஸர் ஊரில் 200 கிலோவாட் காற்றாலையை உருவாக்கியவர் அவர்தான். அதற்கு மூன்றே இறக்கைகள்.